புது பி.டி. வந்த நாள்

சித்தூரில் பாதிப் பேரை ஆத்திரப்பட வைத்த அந்த நியமன உத்தரவை டைப் அடித்தவள் நான்தான். நகல்களைக் கொண்டுபோய் வைத்தபோது பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "திருப்பதி மேட்ச் முடியிற வரைக்கும் இது வெளியில போகக் கூடாதும்மா" என்றார். மேட்சுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வேறு யாருக்காவது அது சுலபமாக இருந்திருக்கும். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் இரண்டு வருடம் ஆடியவன். பி.ஏ. தேறாமல் வேர்க்கடலை மண்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஐந்து மணி அடித்தால் களத்தின் ஓரத்தில் வந்து நிற்பான். அவனைப் போல ஊரில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தமிழ்க்காரர்களும் தெலுங்குக்காரர்களும் ஒன்றாக நின்று கத்துவார்கள். நான் மட்டும் என்ன, ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் களம் நேராகத் தெரியும். டைப்ரைட்டரை மூடிவிட்டு, ஆட்டம் கலையும் வரை பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

எங்களுக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் அப்போதிருந்த பி.டி. சார். கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர், திருத்தணிக்காரர். வேலை தற்காலிகம்தான், வருடா வருடம் நீட்டிப்பு உத்தரவு போடுவோம். அவர் வருவதற்கு முன்னால் திருப்பதி அணியிடம் தோற்பது எங்களுக்கு வழக்கமாக இருந்தது. போன வருடம் அவர்கள் ஊருக்கே போய் ஜெயித்துவிட்டு வந்தோம். தொண்டை கட்டிப்போய் அண்ணன் இரண்டு நாள் சைகையில் பேசினான்.

அந்த பி.டி. சார்தான் வேலையை விட்டுப் போகிறார் என்பது பிரின்ஸ்பாலுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போவது என்று முடிவாகியிருந்த நேரம் அது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. மேட்ச் முடியும்வரை பையன்களுக்குத் தெரிய வேண்டாம், மனம் விட்டுவிடுவார்கள் என்று ராஜினாமாக் கடிதத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். அதை ஃபைலில் சேர்த்தவளும் நான்தான்.

புது ஆள் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வியாழக்கிழமை காலை, கையில் படுக்கைச் சுருட்டோடு கேட்டில் நின்று, தான்தான் புது பி.டி. என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். அவர் குண்டூர்ப் பக்கம் என்பதும், வாலிபால் ஆட்டக்காரர் என்பதும் பத்து மணிக்குள் பஜார் வரை போய்விட்டது.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் தட்டில் கை வைக்கவில்லை.

"நம்ம சாரைத் தூக்கிட்டு எவனோ வாலிபால்காரனைப் போட்டுக்கீறாங்களாமே. ஆர்டரு நீதானே அடிச்சே?"

"ஆபீஸ் விஷயம் என்னைக் கேக்காதண்ணா."

"தமிழ் ஆளுன்னு தூக்கிட்டாங்களா? அத்தெ மட்டும் சொல்லு."

"சோத்தெத் துன்னுட்டுப் போ."

அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் ஆபீஸ் வராந்தாவுக்கு எதிரே கூட்டம் சேர்ந்துவிட்டது. மேட்ச் ஏற்பாட்டுக்காக பிரின்ஸ்பால் திருப்பதி போயிருந்தார். ஹெட் கிளார்க் லீவு. உள்ளே நானும் புது பி.டி.யும் மட்டும். வாலிபால்காரன் வெளியே வரட்டும் என்று இரண்டு பாஷையிலும் கத்தினார்கள். ஒரு கல் வந்து ஜன்னல் கதவில் பட்டுத் தெறித்தது.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அம்மா, கொஞ்செம் மஞ்சிநீள்ளு" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, இடம் காலி என்று கடிதம் வந்ததால்தானே வந்தேன், நான் செய்த தப்பு என்ன என்று தெலுங்கில் கேட்டார். தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உத்தரவில்லை.

அப்போதுதான் பழைய பி.டி. சார் சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்கு மூச்சு வந்தது. இனி அவரே சொல்லிவிடுவார். ஆனால் அண்ணனும் இன்னொருவனும் ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எங்க சார்தான் வேணும் என்று கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. அவர் மேலே உட்கார்ந்தபடி பேசாமல் இருந்தார். ஜன்னலில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. புது மனிதருக்காக என்று சொன்னால் பொய். அவ்வளவு பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திய என் அண்ணனுக்காகத்தான். ஃபைலிலிருந்து அவருடைய ராஜினாமாக் கடிதத்தை உருவிக்கொண்டு வெளியே போனேன்.

"அண்ணா, சாரை எறக்கு."

"நீ உள்ளே போ."

"எறக்குண்ணா. சாரு ஒண்ணு சொல்லணும்."

இறக்கிவிட்டார்கள். "சார், நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"இன்னாம்மா சொல்லணும்?" என்றார் அவர்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தை அவரிடம் மட்டும் நீட்டினேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தாம்ப்பா எழுதிக் குடுத்தேன். திருத்தணியில பர்மனென்ட் கெடச்சிது. என்னெ யாரும் தூக்கலே."

"அப்போ இவ்ளோ நேரம் ஏன் சார் சொல்லலே?" அண்ணன்தான் கேட்டான்.

"எனக்காக இத்தினி பேரு கத்துறதெப் பாத்ததும் சொல்ல மனசு வரலேப்பா" என்றார்.

அவரை யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே போனான்.

திருப்பதியில் தோற்றோம். கத்துவதற்கே பாதிப் பேர் போகவில்லை. அண்ணன் போனான். திரும்பி வந்து, தோற்ற பிறகும் புது ஆள் பையன்களுக்குத் தானே தண்ணீர் மொண்டு கொடுத்தார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபைலிலிருந்து காகிதம் எடுத்ததற்கு பிரின்ஸ்பால் எனக்கு மெமோ கொடுத்தார். அந்த மெமோவையும் நானேதான் டைப் அடித்தேன்.

அண்ணன் என்னோடு பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. "வீட்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா, அத்தினி பேரு முன்னாடி நான் பைத்தியக்காரன் மாதிரி நின்னிருப்பேனா?" என்றான். அவன் கேட்டது நியாயம். பிரின்ஸ்பாலுக்குக் கொடுத்த வாக்கை எப்படியும் மீறத்தான் போகிறேன் என்றால், அதை மத்தியானமே மீறியிருக்கலாம்.

பழைய பி.டி. சார் விடுவிப்பு உத்தரவு வாங்க ஒரு நாள் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்காகக் காத்திருந்தவர்போல மேஜையருகில் நின்றார்.

"பசங்க என்னெப் பத்தி இன்னாம்மா பேசிக்கினு கீறாங்க?"

"ஒண்ணும் பேசலே சார்."

அது உண்மைதான். ஊரில் யாரும் அவர் பேச்சையே எடுப்பதில்லை. அவர் தலையாட்டிவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.