அண்ணனின் சுத்தமான ரத்தம்

நியாயப்படி பார்த்தால் என் அண்ணனுக்கு இந்நேரம் நுரையீரலே இருக்கக் கூடாது. பதினாறு வயதில் பிடித்த சிகரெட்டை அறுபதிலும் விடவில்லை. போதாததற்கு, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து முனியாண்டி கோயிலில் அவர்தான் சாமியாடி. திருவிழாவில் அருள் வந்துவிட்டால் சுருட்டு சுருட்டாகப் பற்றவைத்துக் கொடுப்பார்கள்; இவர் ஊதிக்கொண்டே குறி சொல்வார். நானோ செனாவாங் ஊரில் உள்ள என் வீட்டில் சாம்பிராணி போட்டால்கூட ஜன்னலைத் திறந்துவைப்பவள். நுரையீரலில் புற்றுநோய் வந்தது எனக்கு.

புகைக்காதவர்களுக்கும் வரும் என்றார் டாக்டர். அத்தையும் சித்தப்பாவும் இதே நோயில் போனதைச் சொன்னதும் என் ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். பிறக்கும்போதே கூட வந்த ஒரு மரபணு மாற்றம் என்னிடம் இருந்தது. அது இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லையாம், வரும் வாய்ப்புதான் அதிகமாம். அண்ணனிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அவரையும் வரச் சொன்னார்.

நானே வற்புறுத்தி அழைத்துப் போனேன். அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள். உண்மை வேறு. அவருக்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடிவு வரும்வரை, விளக்கேற்றும்போதுகூட அதே நினைப்பு. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

அவருக்கு இல்லை. இது இல்லை என்பதற்காகச் சிகரெட் சும்மா விட்டுவிடாது, உடனே நிறுத்துங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அது யார் காதில் ஏறியது? சுருட்டு பிடித்த உடம்பை முனியாண்டியே காப்பாற்றிவிட்டார் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். எனக்காக ஒரு கட்டு சுருட்டு நேர்ந்துகொள்ளச் சொன்னார் அண்ணி. எனக்கு வயிறு எரிந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வாசலுக்கு நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. அண்ணன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்.

இந்த வருடத் திருவிழாவில் உறுமி அடித்தும் அண்ணன் ஆடவில்லை. நீட்டிய சுருட்டையும் வாங்கவில்லை. நேராக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்கு வந்திருந்தா ஒரு நியாயம் இருந்திருக்கும்லா, தங்கச்சி,” என்றார்.

அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே என்று எந்தத் தங்கையும் சொல்லியிருப்பாள். அவரும் அதற்காகத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.