வாய்க்காலுக்கு வடக்கே இரண்டு துண்டு

இந்த ஜெர்மன் ஊரில் ரொட்டிக்கடை என் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. ரொட்டி வேகும் வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்துவிடும். நான்தான் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஃபிராவ் க்ரெட்டல் அம்மாளின் புல்வெளி. வந்த புதிதில் ஒருநாள் குறுக்கே நடந்தேன். அம்மாள் கதவைத் திறந்து, “யாரைத் தேடுகிறீர்கள்?” என்றார். நம் பக்கத்தில் இது பேச்சுக்கு அழைப்பு. ஆகவே நின்று, அவருடைய முழங்கால் வலியையும் பிள்ளைகளையும் விசாரித்தேன். மறுவாரம் அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி முளைத்தது.

இத்தனைக்கும், கணித ஆராய்ச்சி செய்யும் என் பிழைப்பே வழி உண்டா என்று பார்ப்பதுதான். இந்தக் கோட்டுக்கு மேலே, அந்த வட்டத்துக்கு வெளியே என்று சமன்பாடுகளால் வேலி போட்ட ஓர் உருவம். அது எங்கிருந்தும் எங்கும் போகக்கூடிய ஒரே துண்டா, பல துண்டா, நடுவில் ஓட்டை உண்டா என்று பல்கலைக்கழகக் கணிப்பொறியைச் சொல்லவைக்க வேண்டும். படம் வரைந்து காட்டினால் குழந்தை சொல்லிவிடும். கணிப்பொறிக்குக் கண் கிடையாது. அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்தால், ஆற அமர யோசிக்கும்.

என் மனைவி சரோஜா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு, சட்டிபானைகளோடு மாட்டுவண்டியில் ஏறியதைப் பார்த்தவள். ஊர் திரும்பினால், யாரும் காலிசெய்யச் சொல்லாத ஒரு வாசல் வேண்டும் என்பது அவள் பிடிவாதம். எழுபதுகளின் நடுவில், ஒரு விடுமுறையில், காட்டுப்பாக்கத்துக்கு மனை பார்க்கப் போனோம். தரகர் கையை நீட்டிக் காட்டினார்.

“வாய்க்காலுக்கு வடக்க, வேலிக்குத் தெக்க. நடுவுல அந்த வட்டக் கெணறு மட்டும் குப்பம்மாவுது. மிச்சமெல்லாம் உன்துதான் நைனா.”

எனக்குப் புல்லரித்தது. முதன்முறையாக ஒருவர் என் தொழிலின் மொழியில் பேசுகிறார். எல்லாவற்றையும் அளந்துகொண்டு ஜெர்மனி வந்து அட்டை போட்டேன். விடை: இரண்டு. கிணற்று மேடை ஒரு பக்கம் வாய்க்காலையும் மறுபக்கம் வேலியையும் தொட்டு, மனையை இரண்டாக வெட்டுகிறது. கண்ணால் பார்த்தாலே தெரிந்திருக்கும்; ஆனால் அங்கே இருந்த நேரமெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்த விடுமுறையில் அதே இடத்தில் நின்று, இந்த மனை வேண்டாம், ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குப் போகவே முடியாது என்று சரோஜாவுக்கு விளக்கினேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த குப்பம்மா நிமிர்ந்தார்.

“மேடை மேல ஏறி நடந்து போயேன் நைனா.”

“அது எங்க எல்லைக்கு வெளிய இருக்கும்மா.”

“பின்ன, கெணத்துக்கு உள்ளயா நடப்பே?” என்றவர் சரோஜாவிடம் திரும்பி, “இவரு இன்னா வேல செய்றாரு?” என்றார்.

“இதான்மா வேலை,” என்றாள் சரோஜா. அன்றே மனையைப் பேசி முடித்தாள்.

கிழக்குத் துண்டில் வீடு எழும்பிவிட்டது. எப்போது போகிறோம் என்று ஆண்டுதோறும் கேட்கிறாள். “அது இன்னும் ரெண்டு துண்டாத்தானே இருக்கு” என்பேன். கணிப்பொறியோடு வழக்காட அவளுக்குத் தெரியாது.

போன வாரம் அவள் அண்ணன் டிரங்க் காலில் கத்தினார். “மாப்ளே, சரோஜா கொடத்தோட மேடை ஏறி நடந்தா வேலி இடுப்புல இடிக்கும்னு குப்பம்மா வேலியோரமா மேடையில ஒரு வரிசை கல்லைப் பேத்துட்டாங்க. இப்ப நடுவுல தாராளமா வழி கீது. எப்ப வர்றீங்க?”

என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு சரோஜா என்னைப் பார்த்தாள். “இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்.”

அட்டைகள் கட்டிலடியில் செருப்புப் பெட்டியில் இருக்கின்றன. கிணற்றுக்கான ஒரே ஓர் அட்டையை மாற்றினால் போதும், விடை ஒன்று என்று வந்துவிடும். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறேன். தினமும் ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு, ஃபிராவ் க்ரெட்டலின் வேலியைச் சுற்றித் திரும்பி வருகிறேன்.