அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

ரொறொன்ரோவின் மோர்னிங்சைடில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்னறைச் சுவரில் பழைய சொந்தக்காரர் ஏதோ ஓவியம் மாட்டியிருந்தார். போகும்போது ஓவியத்தைக் கொண்டுபோய்விட்டார். அதற்கென்று கூரையில் பதித்திருந்த ஒற்றை ஹலோஜன் விளக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிச்சும் மிஞ்சின. அந்த இடத்தில் மனைவி தன் தம்பியின் படத்தை மாட்டினாள்.

ஊரில் போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த சனத்துக்குள் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இராணுவம் பெயர் பதிந்து பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் எவரும் இல்லை. நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் இப்படியான செய்திகளின் முடிவில் ‘உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று ஒரு வரி சேர்ப்போம். சேர்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். வீட்டில் அப்படிப் போக முடியவில்லை.

படத்தை மாட்டுவதில் அவள் கவனமாக இருந்தாள். எங்கள் ஆட்களின் வீடுகளில் செத்தவரின் படம் எது என்று கேட்கத் தேவையில்லை. மாலை, பொட்டு, படத்தடியில் இரவு பகலாக எரியும் சின்ன மின்விளக்கு ஆகியவையே சொல்லிவிடும். ஆகவே இவனுக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. ஒரு பக்கம் மகளின் பட்டமளிப்புப் படம், மறுபக்கம் எங்கள் கல்யாணப் படம்; உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவில் அவனை வைத்தாள். ஆட்கள் வந்தால் விளக்கைப் போடுவாள். அவர்கள் போனதும் அணைப்பாள்.

போர் முடிந்து மூன்றாவது பனிக்காலம் வந்தபோது, படத்தில் அவனுடைய நீலச் சட்டை வெளிறத் தொடங்கியிருந்தது. ஹலோஜன் வெளிச்சமும் சூடும்தான் காரணம். பிரதி எடுத்து மாட்டலாம் என்றேன். அவன் தன் கையால் அனுப்பிய படத்துக்குப் பிரதி ஈடாகாது என்றாள்.

“அவன் வந்து பாக்கேக்க தன்ர முகம் தனக்கே தெரியாமல் கிடக்கக் கூடாது,” என்றாள்.

அப்படித்தான் வீட்டுக்கு எல்ஈடி வந்தது. மின்கட்டணம் குறையும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் அசையாதவள், படத்துக்காக வீட்டிலிருந்த ஹலோஜன் எல்லாவற்றையும் மாற்றச் சம்மதித்தாள்.

மின்வேலைக்கு வந்தவர் எங்கள் ஊர்க்காரர். ஒரு பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றினார். மற்ற விளக்குகள் ஒழுங்காக அணைந்தன. சுவர் விளக்கு மட்டும், சுவிச்சை நிறுத்திய பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

“அக்கா, உது ஹலோஜனுக்குப் போட்ட டிம்மர்,” என்றார் அவர். “நிப்பாட்டினாலும் துளி கரண்ட் கசியும். ஹலோஜன் அதுக்கு எரியாது. எல்ஈடிக்கு அது போதும். சனிக்கிழமை புது டிம்மரோட வாறன்.”

சனிக்கிழமை அவர் வரவில்லை. யாருடையதோ நிலவறையில் அவசர வேலை என்று தொலைபேசியில் சொன்னார். பகலில் அந்த வெளிச்சம் தெரியாது. இருட்டுப் பட்டதும் அவன் முகத்தில் மட்டும் மஞ்சளாக விழும். நாங்கள் அதைப் பழுது என்றுதான் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு, முன்னறிவித்தல் இல்லாமல், நகருக்குக் கிழக்கே இருக்கும் விட்பியிலிருந்து மனைவியின் மூத்த அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் அங்கே புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றில் பெரிய வீடு வாங்கியிருந்தார். எங்களோடு பல மாதங்களாகப் பேச்சு இல்லை. ஊரில் அவர் பெயரிலும் தம்பியின் பெயரிலும் ஒரு காணி இருந்தது. அதை விற்க ஆள் இருந்தது. தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் விற்கலாம். சகோதரியும் சேர்ந்து ஒப்பமிட்டால் சுலபம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அவள் மறுத்துவிட்டாள்.

நான் கதவைத் திறந்து குளிர்ச்சட்டைகளை வாங்கி மாட்டினேன். மனைவி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். வெளியே இருட்டியிருந்தது; முன்னறை விளக்கை இன்னும் யாரும் போடவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படத்தின் முன்னால் நின்றார். அவர் மனைவி கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார்.

அன்றைக்கு அவர் மிகவும் இதமாக நடந்துகொண்டார். தேத்தண்ணி குடித்தார். தங்கையின் சுகம் கேட்டார். காணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாசலில் சப்பாத்துப் போடும்போது என் தோளைத் தட்டினார்.

“நல்ல காரியம் செய்தியள், மச்சான். அவள் தானா விளங்கட்டும் எண்டுதான் நானும் பொறுத்திருந்தனான்.”

எதைச் சொல்கிறார் என்று விளங்காமல் தலையாட்டினேன்.

புதன்கிழமை இருட்டும் நேரம் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு அன்ரி, அலுமினியத் தட்டில் இடியப்பமும் சொதியும் வாழைக்காய்க் கறியும் கொண்டு வந்தார். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நாங்கள் இங்கேயும் விடாத வழக்கம். தட்டை வாங்கிய மனைவி அதற்குள் இருந்ததைப் பார்த்தாள்.

“ஆர் அன்ரி செத்தது?”

அன்ரி அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

“தம்பிக்கு விளக்கு வைச்சிட்டாய் எண்டு விட்பியில சொன்னவையாம், பிள்ளை. கோயிலில கேள்விப்பட்டனான். இஞ்ச, எரியுதுதானே.”

மனைவி தட்டை மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, வெறுங்கையால் பல்ப்பைத் திருகிக் கழற்றினாள். ஹலோஜன் என்றால் விரல் வெந்திருக்கும். இது கையில் பிடிக்கும் அளவுக்குக் குளிர்ந்தே இருந்தது.

அன்ரி போன பிறகு நான்தான் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொன்னேன். சாட்சி இல்லை, உடல் இல்லை, பதிவு இல்லை. ஒரு பழைய சுவிச்சில் கசிந்த மின்சாரத்தை வைத்து, ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஒருவனைச் சாகடித்துவிட்டிருந்தது. அவள் உடனே அண்ணனை அழைத்தாள். அவர் குரல் எனக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

“அண்ணை, அது டிம்மர் பழுது. நான் ஒருத்தருக்கும் விளக்கு வைக்கேல்லை.”

“டிம்மரோ கிம்மரோ, பாத்தனான் நான். நாலு பேருக்குச் சொல்லியும் போட்டன். அந்தியேட்டிக்கு ஐயர் நாளும் வைச்சுத் தந்திட்டார். இனி ஆர் மாத்திறது?”

“நீங்கள்தான் சொன்னனீங்கள். நீங்கள்தான் மாத்தவேணும்.”

“எத்தினை வருசத்துக்கு உவனை இப்பிடி வைச்சுக்கொண்டு இருக்கப்போறாய்?”

“அவன் வாற மட்டும்.”

அவர் எதையும் மாற்றவில்லை. மின்வேலைக்காரர் வந்து புது டிம்மர் போட்டார். விளக்கு இப்போது ஒழுங்காக அணைந்தது. ஆனால் அதைப் பார்க்க எவரும் வரவில்லை. ஆறுதல் சொல்லத்தான் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. சிலர் அவளிடம் இனிமேலாவது நிம்மதியாக இரு என்றார்கள். விளக்கிற்கு என்ன நடந்தது என்று முதலில் ஒவ்வொருவருக்கும் விளக்கினாள். பிறகு தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டவர்கள், பாவம், தாங்கேலாமல் அப்படிச் சொல்கிறாள் என்றார்கள்.

செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை ஒரு சனிக்கிழமை விட்பி வீட்டில் நடந்தது. எங்களுக்கும் அழைப்பு இருந்தது. அந்த நாளில் செத்தவரின் உரித்துக்காரர் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்கக் கூடாது. காலையில் அவள் மீன்கடைக்குத் தனியாகப் போய் அறக்குளா வாங்கி வந்தாள். தானே வெட்டினாள். ஒரு பகுதியைக் குழம்பு வைத்தாள், மிச்சத்தைப் பொரித்தாள். பொரித்த மணம் வெளியே போகட்டும் என்று, அந்தக் குளிரிலும் முன்கதவைத் திறந்து வைத்தாள்.

நாங்கள் சாப்பிட இருந்த நேரம் தொலைபேசி அடித்தது. அண்ணனின் மனைவி. கிரியை முடிந்துவிட்டது, சாப்பாட்டுக்காவது வாருங்கள், சனம் கேட்கிறது என்றார்.

“நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறம், மச்சாள்,” என்றாள் மனைவி.

 அவருக்குப் பின்னால் ஆட்கள் பேசுவதும் பாத்திரங்கள் இடிபடுவதும் கேட்டன. பிறகு தொடர்பு நின்றது.

அவளுக்கு அறக்குளா பிடிக்காது. ஒருநாளும் வாயில் வைக்கமாட்டாள். அன்றைக்கு நான் எழும்பிக் கை கழுவிய பிறகும் இருந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் இருந்த முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.