கீழ் இடது கடைசி

யாரையும் பெயரைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை, பல்லைக் கொண்டுதான். மகளோடு கடைத்தெருவுக்குப் போகும்போது யாராவது சிரித்தபடி எதிரே வந்தால் பதிலுக்குச் சிரிப்பாள். நாலு அடி தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேல் வலது ரெண்டாவது. வேர் சிகிச்சை பாதியில நிக்குது. ஆளு கண்ணுல படாம திரியுது" என்பாள்.

"அம்மா, அவர் எங்க பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்."

"இருக்கட்டுமே. அவருக்கும் பல்லு பல்லுதானே."

மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் இது. அவள் கல்லூரிக்குப் போன பிறகும் மாறவில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். தன் தோழிகளைக்கூட அம்மா 'கம்பி போட்டவ', 'முன்பல் உடைஞ்சவ' என்று குறிப்பிடுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்த பல் மருத்துவமனையில் அம்மாவுக்கு வரவேற்பு மேஜை வேலை. போனை எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, அட்டையைத் தேடி எடுத்து உள்ளே அனுப்புவது. வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்பதை டாக்டர் அவளிடமே விட்டிருந்தார். டாக்டர் அவளைவிடப் பத்து வயது இளைய பெண். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு வலி அதிகம் என்பதை, வந்தவர் உட்காரும் விதத்திலேயே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிவி பார்க்கிறவர் காத்திருக்கலாம். டிவி ஓடுவதே தெரியாமல் செருப்பு நுனியை வெறித்துக்கொண்டு இருப்பவரை வரிசை தாண்டி உள்ளே தள்ளிவிடுவாள். மற்றவர்கள் முணுமுணுத்தால், "உங்க வலிக்கு வாய் இருக்கு சார், அவர் வலிக்கு இல்ல" என்பாள்.

ஊரடங்கு வந்தபோது அவர்கள் காத்திருந்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பல்லைக் குடையும்போது தெறிக்கிற நீர்த்துளியில் நோய் பரவும் என்பதால் முதலில் மருத்துவமனையை முழுக்க மூடினார்கள். பிறகு, அவசரம் என்றால் மட்டும் காலையில் மூன்று நான்கு பேரைப் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'அவசர சிகிச்சைக்கு மட்டும் அழைக்கவும்.' கீழே அவளுடைய கைபேசி எண்.

டாக்டர் கேள்விகளையும் சொல்லிக் கொடுத்திருந்தார். வீக்கம் இருக்கா? காய்ச்சல் அடிக்குதா? வாய் திறக்க முடியுதா? எச்சில் விழுங்க முடியுதா? இதற்கு வரும் பதிலை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மாத்திரைப் பெயர் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும்.

உட்காரும் விதத்தைப் பார்த்துப் பழகியவளுக்குக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் கேள்விகள் ஊரெல்லாம் பரவிவிட்டன. கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"வீக்கம் இருக்குங்க, காய்ச்சல் இருக்குங்க, வாயே திறக்க முடியலைங்க!" என்று ஒருவர் மூச்சுவிடாமல் கத்தினார்.

"வாய் திறக்க முடியாமலா சார் இவ்வளவு பேசுறீங்க?"

"வலியில பேசுறேன்மா. என்னையக் கிண்டல் பண்ற நேரமா இது?"

கணவர் வெளியூரில் லாரிப் பட்டறையில் வேலை செய்தவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அம்மாவும் மகளும்தான். இருவருக்கும் ஒரே போன். காலையில் மகளுக்கு அதில் இணைய வகுப்பு. அம்மா போனை வீட்டில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு நடந்து போய்விடுவாள். மதியத்துக்கு மேல் போன் அவள் கைக்கு வரும், ஊரார் பல்லும் கூடவே வரும்.

பேசாத அழைப்பு ஒரு மாலையில் வந்தது. "ஹலோ" என்றாள். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது; கனமான, ஈரமான மூச்சு. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். அவள் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் அதே மூச்சு.

கதவில் ஒரு பெண்ணின் எண்ணை ஒட்டி வைத்தால் இப்படியும் வரும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரத்தில் ஒருவன் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சட்டென்று எங்கெங்கோ போய்விட்டான். இன்னொருவன் பாட்டுப் பாடினான். அதனால் மூன்றாவது முறை அடித்தபோது அவள் தயாராக இருந்தாள்.

"ஏன்டா, வீட்டுல அக்கா தங்கச்சி கிடையாதா உனக்கு? பொம்பள நம்பர் கெடச்சா மூச்சு விடுவியா? இந்த வாய வச்சுக்கிட்டு நீ நல்லா இருப்பியா? அழுகித்தான்டா போகும் உன் வாய்!"

மறுமுனையில் முனகல் இன்னும் பலமானது. மகள் எழுந்து வந்து போனை வாங்கினாள்.

"இவன்கிட்டல்லாம் எதுக்கும்மா பேசுற? ப்ளாக் பண்ணிட்டுப் போ." அவளே அந்த எண்ணைத் தடுத்தும் வைத்தாள்.

"நல்லா நறுக்குன்னு கேட்டேன்ல?" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள்.

இது நடந்து ஒரு நாள் விட்டு அடுத்த நாள் காலை, 'வாயே திறக்க முடியலைங்க' என்று இடம் பிடித்தவர் மருத்துவமனைக்கு வந்தார். வாசலில் கையில் கிருமிநாசினி ஊற்றியதற்கே சண்டை பிடித்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் கத்தியபோது அவர் உள்நாக்கு வரை தெரிந்தது. பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த டாக்டர் அவரை அனுப்பிவிட்டு வந்து சிரித்தார்.

"இவர் எப்படிக்கா உங்ககிட்ட தப்பிச்சார்?"

"வாய் திறக்க முடியலைன்னு அடிச்சு சொன்னார் டாக்டர். அரை மணி நேரம் பேசினார்."

"நிஜமா திறக்க முடியாதவன் எங்கக்கா பேசுவான்? தாடை இறுகிப் போயிருக்கும். போன் பண்ணாலும் முனகத்தான் செய்வான்."

அவள் கையிலிருந்த துணியை மேஜைமேல் வைத்தாள். பிறகு மருத்துவமனைப் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கிளாஸ்ல இருக்கேன்" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"அந்த ப்ளாக் பண்ண நம்பரைச் சொல்லு."

"எதுக்கு? திரும்பத் திட்டவா?"

"சொல்லுடி முதல்ல!"

அந்த எண்ணுக்கு மருத்துவமனைப் போனிலிருந்தே அடித்தாள். நெடுநேரம் மணி போய், எடுத்தார்கள். மூச்சு கேட்டது. அன்றைவிட இன்று ஈரம் அதிகம். நடுநடுவே களகளவென்று ஒரு சத்தம்.

"பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன். உங்களுக்குப் பேச முடியலையா?" முனகல். "சரி, பேச வேண்டாம். ஆமான்னா போன்மேல ஒரு தட்டுத் தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு. புரியுதா?"

டொக்.

"வீக்கம் இருக்கா?" டொக். "காய்ச்சல்?" டொக். "எச்சில் முழுங்க முடியுதா?" டொக் டொக். "கூட யாராவது இருக்காங்களா?" டொக் டொக்.

அவள் உட்கார்ந்தாள். "நம்ம ஆஸ்பத்திரிக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" டொக். "மேல் பல்லா?" டொக் டொக். "கீழ் பல்லு. வலதா?" டொக் டொக். "இடது. கடைசியா?"

டொக்.

கீழ் இடது கடைசி. அது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோபா ஷோரூம் காவலாளி. பல் குறுக்கே முளைத்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். ஊரடங்கின் முதல் வாரத்தில் அந்த நாள் வந்தது. எல்லோருக்கும் சொன்னது போல, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஷோரூம் எண்ணுக்குக் கூப்பிட்டு ரத்து செய்தவளும் அவள்தான். இப்போது அவன் கூப்பிட்ட கைபேசி எண் அவனுடைய அட்டையில் இல்லை.

"சோபா கடையிலயா இருக்கீங்க, தம்பி?"

டொக்.

டாக்டர் அப்படியே பிளாஸ்டிக் அங்கியோடு கிளம்பினார். தெரு முக்கில் இரும்புத் தடுப்பருகே இருந்த போலீஸ்காரர் இரண்டு பெண்கள் ஓட்டமும் நடையுமாக வருவதைப் பார்த்துத் தானாகவே விலகிக்கொண்டார். ஷோரூம் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்கள் வரிசையாகக் கிடக்க, ஒன்றில்கூட உட்காராமல், அவன் தன் இரும்பு நாற்காலியில் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தான். காலருகே ஒரு வாளி. விழுங்க முடியாத எச்சில் அதில் வடிந்துகொண்டிருந்தது. தாடையும் கழுத்தும் ஒன்றாகியிருந்தன.

டாக்டர் தாடைக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். மரக்கட்டை போல இருந்தது. "இது நம்ம கையில இல்லக்கா. மூச்சுக்குழாயை அழுத்துது. பெரிய ஆஸ்பத்திரிதான், இப்பவே."

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில், தொற்று இல்லை என்ற முடிவு கையில் வராமல் உள்ளே எடுக்க மாட்டோம் என்றார்கள். டாக்டர் தன்னோடு படித்த ஒருவரைப் போனில் பிடித்து, கெஞ்சி, கடைசியில் சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. தாடைக்கடியில் கிழித்து, சீழை எடுத்து, குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் டாக்டர் கேட்டார்: "எப்பவிருந்து கூப்பிட்டானாம்?"

"நேத்துதான் டாக்டர்" என்றாள்.

"ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா வெட்டவே வேண்டாம். பல்லைப் பிடுங்கி அனுப்பியிருக்கலாம். போகட்டும், நீங்களாவது கண்டுபிடிச்சீங்களே. வேற யாராவது இருந்தா ஏதோ பொறுக்கின்னு போனை வச்சிருப்பாங்க."



மருத்துவமனை முழுதாகத் திறந்த பிறகு அவன் வாராவாரம் வந்தான். இறுகிய தாடையைத் திறக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துப் பழக வேண்டும். ஒரு குச்சி கூடினால் அந்த வாரம் வெற்றி. தாடைக்கடியில் தழும்பு. அங்கே ஒரு நரம்பு அடிபட்டதில் கீழ் உதடு இடது பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. தண்ணீர் குடித்தால் அந்த ஓரத்தில் வழியும், தோளில் துடைத்துக்கொள்வான்.

பேச ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, ஆள் ஓயாமல் பேசுகிறவன். காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் தன் கதையைச் சொல்வான். அதில் அவளைத் தெய்வமாக்கிவிட்டிருந்தான்.

"இந்த அக்கா மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருப்பேன். என் போன் இங்க வராமலே, எப்படித் தெரிஞ்சுதோ, தானா என்னைக் கூப்பிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. கதவுல இருந்த நம்பரைப் பார்த்துத்தான் அடிச்சேன். காய்ச்சல்ல கண்ணு மங்கி எதையோ தப்பா அடிச்சிட்டேன் போல. எடுத்தது யாரோ ஒரு மகராசி. கிழிச்சுத் தொங்க விட்டுருச்சு! அக்கா தங்கச்சி கிடையாதான்னு கேட்டுச்சு. எனக்கு நாலு தங்கச்சிங்க, அதைச் சொல்லவும் முடியல. கடைசியில, 'உன் வாய் அழுகித்தான் போகும்'னு சொல்லுச்சு பாருங்க! அது ஏற்கெனவே அழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. டாக்டருக்கு முன்னாடி அந்த அம்மா கண்டுபிடிச்சிருச்சு!"

அறை முழுக்கச் சிரிக்கும். அவள் அட்டைகளை அடுக்குவாள். அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடி அடுக்குவாள்.

வீட்டில் மகள் கேட்டாள்: "சொன்னியா?"

"வெயிட்டிங்ல ஆளுங்க இருந்தாங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. நம்பரைத் தடுத்தது நான்தானே, நான் வந்து சொல்லட்டுமா?"

"நீ அமுக்கினது ஒரு பட்டனை. சாபம் விட்டது நான். நீ சும்மா இரு."

"சொன்னா என்ன பண்ணிடுவாரு? சிரிப்பாரு."

"அதான்டி" என்றாள் அம்மா. "அந்தக் கோண உதட்டை வச்சுக்கிட்டு சிரிப்பான்."

சொல்லிவிட வேண்டும் என்று தான் வற்புறுத்துவது அவனுக்காகவா, தன் மனம் லேசாகவா என்று மகளுக்கே பிறகு சந்தேகம் வந்தது.

வியாபாரம் படுத்ததில் ஷோரூமை மூடிவிட்டார்கள். வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போக அவன் வந்தான். மத்தியான நேரம். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலிகள் எல்லாம் காலி.

"கிளம்புறேன்க்கா. ஒண்ணு மட்டும் கேக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன். அந்தக் கதவு நோட்டீஸ்ல இருந்த நம்பர் என்ன? நான் எந்த எண்ணைத் தப்பா அடிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. தெரிஞ்சா மனசு ஆறிடும். இந்த வாய் இப்படி ஆனதே அந்த ஒரு எண்ணாலதானே."

அவள் வாயைத் திறந்தாள். போன் அடித்தது. அதை எடுக்காமல் விட்டாள். தானாக அடித்து ஓய்ந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"அந்த நோட்டீஸை எப்பவோ கிழிச்சுப் போட்டாச்சு தம்பி" என்றாள்.

"அதானே. விடுங்க." கோணிய உதட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கங்கக்கா" என்று படியிறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. கண் மங்கி, கை தவறித் தன் வாயைத் தானே கெடுத்துக்கொண்டதாக இன்றைக்கும் எங்கோ ஒரு கிடங்கு வாசலில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான். 'நம்பரைச் சரியாத்தான் அடிச்சீங்க, தம்பி' என்கிற ஒரு வாக்கியத்தை அவள் இன்னும் அவனுக்குக் கொடுக்கவில்லை.