ஆறாம் வரிசைக் கதிரை

எனக்குப் பொறாமைக் குணம் அதிகம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. வயது போகப் போகச் சில வெட்கங்கள் தாமாகவே கழன்றுவிடுகின்றன. ஆனால் நான் பட்ட பொறாமைகளிலே பெரியது நகைக்காகவோ வீடுவாசலுக்காகவோ அல்ல. பீலெஃபெல்ட் நகர அரங்கில் ஆறாம் வரிசையில் இருந்த ஒரு கதிரைக்காக.

எண்பத்தைந்தில் அண்ணாவோடும் மச்சாளோடும் ஜெர்மனிக்கு வந்தேன். மச்சாள், அண்ணாவின் மனைவி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மூவருக்கும் சேர்த்து மூன்றாம் மாடியில் இரண்டு அறை தந்திருந்தார்கள். அகதி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊர் எல்லை தாண்ட அனுமதி இல்லை. நேரத்தைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் பெண்மணி தனியாக இருந்தார். ஏதோ அலுவலகத்தில் தட்டெழுதி ஓய்வு பெற்றவர். கறாரான ஆள். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கூடினால் கதவைத் திறந்து பார்ப்பார். அவரை நாங்கள் ‘கீழ்வீட்டு அம்மா’ என்போம். அவரிடம் ஞாயிறு பின்னேர பாலே ஆட்டத்துக்கு இரண்டு கதிரை சந்தாவில் இருந்தது. அந்த ஊரில் கதிரையை வருடக் கணக்காக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே கதிரையில் அதே ஆள். பக்கத்துக் கதிரைக்காரர் செத்தால்தான் புதுமுகம் பார்க்கலாம். கீழ்வீட்டு அம்மாவின் சிநேகிதி சாகவில்லை, மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, “ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்கிறதா?” என்று கேட்டார். இப்படித்தான் தொடங்கியது.

முதல் நாள் பாதி நேரம் நான் அரங்கின் கூரையைத்தான் பார்த்தேன். ஆண்கள் காலோடு ஒட்டிய உடுப்பில் வந்து நின்றால் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை வேறு எங்கே பார்ப்பாள்? பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஆறாம் வரிசை மேடைக்குக் கிட்ட. வாத்தியங்கள் அடங்கும் இடங்களில் நுனிக்கட்டை வைத்த சப்பாத்துகள் பலகையில் டொக் டொக் என்று தட்டுவது கேட்கும். இருபது பெண்கள் மூச்சு வாங்குவதும் கேட்கும். ஊரில் சதங்கை கட்டி, நிலம் அதிர மிதித்தால்தான் ஆட்டம். இங்கே மிதித்ததே தெரியக்கூடாது என்று அவ்வளவு பாடுபடுகிறார்கள், ஆனாலும் தெரிந்துவிடுகிறது. முகத்தில் சிரிப்பு, கழுத்து நரம்பில் வேதனை. அதன்பிறகு நான் கூரையைப் பார்க்கவில்லை.

என் ஆளையும் அன்றே பிடித்துக்கொண்டேன். பின்வரிசையில் இடப்பக்கம் மூன்றாவதாக நிற்பவள். நீளக் கழுத்து, கொஞ்சம் விரிந்த காதுகள். எல்லாரும் கையை உயர்த்தி நிறுத்திய பிறகும் அவளுடைய விரல்கள் மட்டும் இன்னும் ஓர் அங்குலம் மேலே போகும். பார்க்கிறவர்கள் அதைப் பிழை என்பார்கள். எனக்கு அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் அடுத்த ஞாயிறு வரவேண்டியிருந்தது.

அவளுக்காக நான் பட்ட பொறாமைக்குக் கணக்கில்லை. முன்னுக்கு நின்று ஆடுகிற முதல் ஆட்டக்காரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கைதட்டல் நின்றுவிடுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வணங்குகிறவள் அவள். என் ஆளை இடுப்பில் பிடித்துத் தூக்குகிற ஆட்டக்காரன் மீது ஒரு கோபம். முன்வரிசையிலிருந்து அவளுக்குப் பூ நீட்டிய வழுக்கைத் தலையர் மீது இன்னொரு கோபம். பிறகு, உண்மையைச் சொன்னால், அவள் மீதும்தான். என் வயதுதான் இருக்கும். காலை பத்து மணிக்கு அவள் உடம்புக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. நான் அதே பத்து மணிக்கு வெளிநாட்டவர் அலுவலக நடையில் டெர்மீனுக்கு, அவர்கள் குறித்துத் தந்த நேரத்துக்கு, நிற்பேன். என் உடம்பு அந்த நாட்களில் வரிசையில் நிற்க மட்டுமே பயன்பட்டது.

வீட்டில் குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பேன். மச்சாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரிப்பாள்.

“என்ன, குளத்தில கொக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீர்?”

“உங்களுக்கு விளங்காது மச்சாள்.”

“ஓம், எனக்கு விளங்காதுதான். கறி அடிப்பிடிக்குது, அதை முதல்ல பாரும்.”

மச்சாளுக்கு விளங்காது என்று நான் மெய்யாகவே நம்பினேன். அதனால்தான் ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சலும் இருமலுமாய் இருந்தபோது அவளை நானே அனுப்பி வைத்தேன். அரங்கில் இருமுகிறவர்களைக் கீழ்வீட்டு அம்மா ஜென்மப் பகையாளியாகப் பார்ப்பார். கதிரை வெறுமையாகக் கிடந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம் எனக்கு. மச்சாள் போனால் கதிரை வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மச்சாள் திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே என் கட்டில் கரையில் இருந்தாள். முகம் சிவந்திருந்தது.

“உம்மட ஆள் அந்த மூண்டாவதா நிக்கிறவதானே? அவவுக்கு வலது கணுக்கால் நோகுது.”

“ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. குதிக்க முதல் ஒருக்கா மூச்சைப் பிடிக்கிறா. இறங்கேக்க இடது காலைத்தான் நம்புறா. நோவை மறைக்கத்தான் கையை அந்தளவு தூக்கிறா. எல்லாற்ற கண்ணும் கையில போகட்டும் எண்டு.”

ஏழு தரம் பார்த்தும் நான் காணாததை அவள் ஒரே தரத்தில் கண்டுகொண்டு வந்துவிட்டாள். என் ஓர் அங்குலத்தை, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, சும்மா எடுத்துத் தந்தாள். அடுத்த ஆட்டத்தில் கவனித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. வயிறு எரிந்தது.

கீழ்வீட்டு அம்மா அதோடு விடவில்லை. “உங்கள் மச்சாளுக்கு நல்ல கண். நீங்கள் ஒருத்தியை மட்டும் பார்க்கிறீர்கள், அவர் எல்லாரையும் பார்க்கிறார்” என்றார். இனி இருவரும் மாறி மாறி வரலாம் என்றும் சொன்னார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது இதுதான் என்று மனதுக்குள் கறுவினேன். மச்சாள் பிடுங்கவில்லை, நான்தான் கையில் கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மச்சாளின் முறை வரும் ஞாயிறுகளில் அவள் எப்போது வருவாள் என்று சன்னலடியில் காத்திருக்கிறவளும் நான்தான். வந்ததும் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, அகப்பையும் கையுமாக ஆடிக்காட்டுவாள். முதல் ஆட்டக்காரி தோளை எப்படி வெட்டுகிறாள், என் ஆள் எந்த இடத்தில் உதட்டைக் கடித்தாள், எந்த ஆட்டக்காரன் வியர்வையில் வழுக்கினான், எல்லாம் வரும். அண்ணா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் ஒரு சொல் விடாமல் கேட்பேன். கேட்டுவிட்டு, நான் பார்த்த ஞாயிறுகளை விட அவள் சொன்ன ஞாயிறுகள் நல்லாயிருக்கின்றனவே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்படுவேன்.

பிறகு ஊரில் மறுபடி சண்டை மூண்ட மாரிகாலம் வந்தது. மச்சாளுக்கு ஊரில் ஒரேயொரு தம்பி. இரண்டு மாதமாக அவனிடமிருந்து கடிதமில்லை. எங்களுக்குத் தொலைபேசி கிடையாது. அவசரத்துக்குக் கீழ்வீட்டு அம்மாவின் இலக்கத்தைத்தான் சொந்தக்காரருக்குக் கொடுத்திருந்தோம். மச்சாள் நாளுக்கு நாலு தரம் படியிறங்கிப் போய், யாரும் எடுத்தார்களா என்று கேட்டுவிட்டு வருவாள். பிறகு பதிலுக்குப் பயந்து, கேட்டு வர என்னை அனுப்பத் தொடங்கினாள். அகப்பை ஆட்டம் நின்றுபோனது. அவளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றாகிவிட்டன. முறை எண்ணிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை கீழ்வீட்டு அம்மா என்னைப் படிக்கட்டில் மறித்தார். முதல் ஆட்டக்காரிக்குச் சுகமில்லையாம். இந்த ஞாயிறு அவளுடைய இடத்தில் இடப்பக்கம் மூன்றாமவள் ஆடப்போகிறாளாம். “உங்கள் மச்சாளின் முறை. இரண்டேகாலுக்குக் கதவடியில் நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது இது நல்லது” என்றார்.

நான் மூன்று மாடி ஏறினேன். இரண்டாம் மாடிக்கு வரும்போதே சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு மச்சாளிடம், “இண்டைக்கு என்ர முறை, போட்டு வாறன்” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கீழே கீழ்வீட்டு அம்மா கையுறை போட்டுக்கொண்டு நின்றார். மச்சாள் எங்கே என்று கேட்டார். தலையிடி என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் மாத்திரை எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிற ஆள். அசைக்க முடியாத காரணம் வேண்டியிருந்தது. வாயில் வந்தது சாவுத் துடக்கு.

“ஊரில் சாவு. கடிதம் வந்தது. எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாள் கோயிலுக்கோ ஆட்டம் பாட்டுக்கோ போகக்கூடாது.”

கீழ்வீட்டு அம்மா வாயில் கைவைத்தார். “நீங்கள் போகலாமா?”

“செத்தது அவருடைய சொந்தக்காரர். எனக்கு இல்லை.”

துடக்குக் கணக்கு அப்படி இல்லை. கலியாணம் கட்டிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூன்று நாளோடு போய்விடும். ஆனால் ஜெர்மன்காரிக்கு அது எங்கே தெரியப்போகிறது என்ற துணிவுதான்.

குற்ற உணர்வு திரை விலகும்வரை இருந்தது. என் ஆள் வந்தாள். தனியாக, நடுவில், பின்னால் மறைந்துகொள்ள வரிசையே இல்லாமல். முதல் குதியில் மூச்சைப் பிடித்ததை நான் கண்டேன். பிறகு பிடிக்கவில்லை. நோவை ஒளிக்கிறதை எங்கோ ஓரிடத்தில் விட்டுவிட்டாள், கை உயர்ந்து தானாக நிற்கிற இடத்தில் நின்றது. அவளும் என்னைப்போல் பயந்தவள்தான் என்று தோன்றியது. அழுதேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல இரண்டு மணித்தியாலம் வந்ததில்லை. இதை மறைத்தால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

செத்தவீடு என்றால் எங்கள் ஆட்கள் நேரே வந்து துக்கம் விசாரிப்பார்கள். டெர்மீன் எடுக்காமல் மாமியார் வீட்டுக்கும் போகாத ஜெர்மன்காரர் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் வருவதில்லைதான். அட்டை அனுப்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை மொழி வகுப்பு முடிந்து வரும்போது முதலாம் மாடியிலேயே அழுகை கேட்டது. கதவு திறந்து கிடந்தது. மச்சாள் நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கறுப்புக் கரை போட்ட அட்டை. கதவடியில் வெள்ளைப் பூக்கள். ஜெர்மன் வாசிக்க அவளுக்குத் தெரியாது, கறுப்புக் கரை தெரியும்; இரண்டாம் மாடிக் கிழவர் இறந்தபோது வாசல் கதவில் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். உள்ளே அவளுடைய பெயரும் கீழ்வீட்டு அம்மாவின் பெயரும் கையால் எழுதியிருந்தன. ஊர்த் தொலைபேசி வரவேண்டிய வீட்டிலிருந்து அட்டை வந்தால் அவள் வேறு என்ன நினைப்பாள்?

“என்ர தம்பியை விட்டுப்போட்டு வந்திட்டனே... எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் மறைச்சுப்போட்டியளே...”

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாவும் வீட்டுச் செருப்போடு ஏறி வந்து என் பின்னால் நின்றார். நான் இரண்டு மொழியில் சொல்லவேண்டி வந்தது. தமிழில் சுற்றி வளைத்தேன், காரணம் தேடினேன், பாதி அழுகையில் போனது. ஜெர்மனில் சுற்றி வளைக்க எனக்குச் சொல் போதாது. “நான் பொய் சொன்னேன். யாரும் சாகவில்லை. எனக்குப் பார்க்க ஆசை” என்று மூன்று வசனத்தில் முடிந்தது.

கீழ்வீட்டு அம்மா பூக்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

“அப்ப தம்பி இருக்கிறானே?”

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு என்ன தெரியும்? கடைசிக் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல். என் பொய்யை நான் திருப்பி எடுத்துவிட்டேன், அவளுக்குக் கொடுக்க அதற்குப் பதிலாக ஒரு மெய் என்னிடம் இல்லை.

“தெரியாது மச்சாள்.”

அவள் கையை விட்டாள்.

ஐந்து கிழமை கழித்து, நீலக் கடிதம் வந்தது. தம்பி உயிரோடிருந்தான். மச்சாள் அதைக் கீழே கொண்டுபோய்க் கீழ்வீட்டு அம்மாவுக்குக் காட்டிவிட்டுத்தான் அண்ணாவுக்கே வாசித்தாள். அடுத்த ஆட்டத்துக்குக் கீழ்வீட்டு அம்மா மணியடித்து மச்சாளைக் கேட்டார். அதற்கடுத்ததுக்கும் மச்சாளைத்தான் கேட்டார். அண்ணாவுக்கும் தெரிந்துவிட்டது. மச்சாள் என்னை ஏசவில்லை. வழக்கம்போல் சாப்பாடு போட்டுத் தந்தாள், உடுப்புத் தோய்த்தாள், தலை வாரி இழுத்துவிட்டாள். நான் செய்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இருந்தும் அவர்கள் இருவரும் கை கோத்துக்கொண்டு ட்ராம் நிறுத்தத்துக்கு நடப்பதைச் சன்னலால் பார்க்கும்போது வயிறு முன்போலவே எரிந்தது.

என் ஆள் அந்த அரங்கைவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டேன். கடைசி ஆட்டத்துக்குப் போன மச்சாள் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. நான் மேசையைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தேன்.

“எப்பிடி மச்சாள் ஆடினவ?”

மச்சாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டாள்.

“நல்லா இருந்தது” என்று சொல்லிவிட்டு, உலை வைக்கக் குசினிக்குள் போனாள்.