சுண்டல் பொட்டலத்தில் என் புரோகிராம்

போன ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் கடற்கரையில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அலையெல்லாம் இழுக்கவில்லை. சுண்டல் வாங்கினேன், அவ்வளவுதான்.

செங்கல்பட்டிலிருந்து மனைவியோடு பஸ் பிடித்துப் போயிருந்தேன் — ஆபீஸை ஒரு நாளாவது மறக்கலாமே என்று. சுண்டல் விற்ற அம்மாள், பொட்டலத்தில், அள்ளித் தின்ன ஒரு கெட்டி அட்டையைச் செருகிக் கொடுத்தாள். வாயருகே கொண்டு போனவன் அப்படியே உறைந்துவிட்டேன். அட்டை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். மேல் விளிம்பில்... என் இனிஷியல்.

நான் கம்ப்யூட்டர் புரோகிராமர் என்பது வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையில் ஓட்டைகளாக விழும். அட்டைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கினால்தான் ஒரு புரோகிராம். எட்டு மாத உழைப்பு — அதில் ஒரு வரியால் என் மனைவி சுண்டல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது ஏதும்மா உங்களுக்கு?"

"பழைய பேப்பர் கடைல வாங்கினது சார். இன்னா, ஓட்டை கீதுன்னு பாக்கறியா? ஒழுவாது, துன்னு."

"மீதி அட்டை?"

"நேத்துலேர்ந்து வித்துகினு கீறேன். துன்னுட்டு அவங்கவங்க கடல்ல கடாசிட்டாங்க."

திங்கட்கிழமை முதல் ரயிலில் ஆபீஸுக்கு ஓடினேன். நேரே மேனேஜரிடம் போய், "ஏகாம்பரத்தை வீட்டுக்கு அனுப்புங்க சார்" என்றேன். ஏகாம்பரம் எங்கள் மிஷின் ஆப்பரேட்டர். அட்டைகள் எல்லாம் அவர் பொறுப்பு. கடப்பாக்கத்துக்காரர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் டிஸ்மிஸ் ஆர்டரை டைப் அடிக்கச் சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

அட்டை விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும், ஏகாம்பரம் கையில் ஒரு புத்தகத்தோடு வந்தார். ஆப்பரேட்டர்களுக்கான கையேடு. எழுதியவன்? அடியேன்தான். பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"வேலை முடிந்ததும் அட்டைகளைக் கழிவுப் பெட்டியில் போடவும்."

ஒரு தடவை ஓட்டியதும் தேவைப்படாத, விவரங்கள் அடித்த அட்டைகளைத்தான் நான் சொன்னேன். புரோகிராம் அட்டைகளை எவனாவது தூக்கிப் போடுவானா? எனக்குத் தெரியும். தெரியாதவருக்காகத்தானே கையேடு?

"எனக்கும் டவுட்டாதான் இருந்துச்சு சார்" என்றார் ஏகாம்பரம். "உங்களாண்ட வந்து கேட்டேன். நீங்க ஏதோ எழுதிகினு இருந்தீங்க. தலையத் தூக்காம, 'புக்ல போட்டிருக்கு, பாரு'ன்னீங்க. பாத்தேன்."

எனக்குச் சுரீரென்றது. அன்று ஆபீஸ் நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது — உங்களுக்காக, முந்தைய வாரப் பத்தியை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டைப்ரைட்டரிலிருந்து ஆர்டர் பாதியிலேயே உருவப்பட்டது. நல்லவேளையாகப் புரோகிராமைப் பிரிண்ட் எடுத்த காகிதம் இருக்கிறது. மறுபடி முதல் அட்டையிலிருந்து அடிக்கிறோம். ஏகாம்பரம்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறார்.

என் எழுத்தை ஒரு வார்த்தை விடாமல் நம்பிய ஒரே வாசகர்... அவருடைய சீட்டைத்தான் கிழிக்கப் போனேன்.