துண்டின்மேல் உட்கார்ந்த ஹக்கீம் சார்

இறுதி ஆட்டத்தன்று காலையிலிருந்தே அப்துல் ஹக்கீமுக்கு இட்லி இறங்கவில்லை. திண்டிவனத்துக் கல்லூரிக் கபடி அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். எதிரே விழுப்புரம், போன வருஷம்வரை அவர் வளர்த்த அணி.

சொந்த ஊரான கோட்டக்குப்பத்தில் அவருடைய அண்ணன்கள் எல்லாரும் துபாய்க்குப் போனார்கள். வந்த விசாவை வேண்டாமென்று தள்ளிவிட்டு இவர் மட்டும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்துக்கு வருஷா வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்தார். என்ன வெறி அந்த மனுஷருக்கு! பிறகு மாற்றல் வந்தது. திண்டிவனத்தில் முதல் வாரமே சக ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விழுப்புரத்துப் பசங்க ஆடுனாங்க. சாரு துண்ட ஆட்டுனாரு."

அது முள்ளாகத் தைத்தது. இன்று தோற்றால் அதுவே உண்மையாகிவிடும்.

துண்டுதான் அவருடைய சைகை. இடது தோளுக்கு மாற்றினால் பிடி. முகம் துடைத்தால் விலகு. கத்தினால் எதிரணிக்குக் கேட்டுவிடுமே.

ஆட்டத்துக்கு முன் மனைவி நாசியா போன் செய்தாள். "அந்தப் பக்கமும் உங்க பசங்கதானே, எதுக்கு பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க?" அதுதானே பேஜாரு என்று நினைத்தபடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பாடி வந்த விழுப்புரத்துக் கேப்டன் ரஞ்சித், பிடிக்க நின்றவர்களைப் பார்க்கவில்லை. ஹக்கீமின் தோளைப் பார்த்தான். துண்டு நகர்ந்ததுமே ஒருவனைத் தொட்டுவிட்டுத் துள்ளி ஓடினான். அடுத்த முறையும் அப்படியே. அந்தச் சைகையை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

பொய்யாக முகம் துடைக்கலாமா? தன் பையன்களும் நம்பி விலகிவிடுவார்கள். ரஞ்சித்தும் நம்புவான், அதை நினைத்தபோதுதான் கூசியது. துண்டை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

புள்ளிகள் சமமாயின. கடைசி ரெய்டு ரஞ்சித்துடையது. இடது ஓரத்தில் நின்ற திண்டிவனத்துக் கோகுலகிருஷ்ணன் மிரண்டுபோய் சாரைப் பார்த்தான். அவர் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். ரஞ்சித்தும் அவர் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வை ஒரு கணம் நீண்டுவிட்டது. கோகுலகிருஷ்ணன் அவன் கணுக்காலைக் கவ்விவிட்டான்.

விசில் அடங்கியதும் ரஞ்சித் மண்ணோடு எழுந்து வந்தான்.

"துண்ட எங்க சார் ஒளிச்சீங்க? அதையே தேடிக்கினு நின்னுட்டேன்."

ஹக்கீம் எழுந்தார். ஜெயித்த குஷியில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஆட வந்த திண்டிவனத்துப் பையன்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கசங்கிய துண்டை உதறி ரஞ்சித்தின் முதுகு மண்ணைத் துடைத்துவிட்டார்.